வெள்ளாற்று நண்டின் வரவு செலவு

பரங்கிப்பேட்டைக் கல் நண்டு உப்புக்காகச் செய்கிற செலவே இந்தக் கட்டுரையின் பொருள். நண்டு என்று பெரிதாகச் சொன்னாலும் ஆராயப்போவது அதன் செவுளில் உள்ள ஒரு செல்லை. கண்ணுக்குத் தெரியாத அந்த ஒரு செல்லுக்கு இவ்வளவு காகிதம் தேவையா என்று கேட்பவர்களுக்கு முதலிலேயே ஒன்று சொல்லிவிடலாம். விலங்குச் செல் எதுவானாலும், அது தனக்கு வேண்டியதை எப்படிப் பெறுகிறது, எங்கே சேர்த்து வைக்கிறது, எந்த வழியில் கொண்டுபோகிறது என்ற கேள்விகளுக்கு அடிப்படை விடை உப்பில்தான் இருக்கிறது. அந்த விடையை அறிவியலுக்குக் கொடுத்ததும் ஒரு நண்டின் கால்தான்.

வள்ளுவர் இறைமாட்சி அதிகாரத்தில் அரசுக்கு நான்கு வேலைகளை வரிசையாக வைக்கிறார்: பொருள் வரும் வழிகளை உண்டாக்குவது, வந்ததைச் சேர்ப்பது, சேர்த்ததைக் காப்பது, காத்ததை முறையாகப் பங்கிடுவது. செல்லின் வாழ்க்கையை எழுத இதைவிடப் பொருத்தமான வரிசை உயிரியல் நூல்களில் எனக்குக் கிடைக்கவில்லை. பள்ளிப் பாடம் பெரும்பாலும் இரண்டாவது வேலையில் ஆரம்பிக்கிறது. விரவல், சவ்வூடு பரவல் என்று தொடங்கி, பொருள்கள் செல்லுக்குள் போவதைப் படமாகக் காட்டிவிடுகிறது. முதல் வேலை விட்டுப்போகிறது. செல் எதையும் உள்ளே எடுப்பதற்கு முன் எடுப்பதற்கான வழியை உண்டாக்கியாக வேண்டும். அதன் சம்பாத்தியத்தில் கணிசமான பங்கு அதற்கே போகிறது. இதை நிறுவுவதே என் நோக்கம்.

இடத்தைச் சொல்லிவிடுகிறேன். வசிஷ்ட நதி, சுவேத நதி, மணிமுத்தாறு எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டு சேத்தியாத்தோப்பு அணைக்கட்டைக் கடந்து வருகிற வெள்ளாறு, பரங்கிப்பேட்டையில் வங்கக் கடலில் விழுகிறது. புதுக்கோட்டைப் பக்கத்து வெள்ளாறு வேறு. முகத்துவாரத்துக்குத் தெற்கே பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காடு. அதையும் தாண்டினால் கொள்ளிடம். சித்திரை, வைகாசியில் ஆற்றில் வரத்து இராது. கடல் உள்ளே ஏறி நிற்கும். ஒரு லிட்டர் நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு. ஐப்பசி, கார்த்திகை வெள்ளத்தில் அதே இடத்தில் மேல்நீர் கிட்டத்தட்ட நன்னீர். சேறு அதே சேறு, வளை அதே வளை. தண்ணீர்தான் முற்றிலும் வேறு.

இந்த மாற்றத்தை ஆண்டுதோறும் நின்று பார்ப்பதற்கென்றே இங்கே ஓர் ஆய்வு நிலையம் அமைந்தது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் நிலையத்தை வளர்த்தெடுத்தவர் பேராசிரியர் ஆர்.வி. சேஷய்யா. 1963-இல் பல்கலைக்கழக மானியக் குழு அதைக் கடல் உயிரியல் உயராய்வு மையமாக ஏற்றது. ஆறும் கடலும் கலக்கும் நீரில் வாழும் உயிர்களைப் படிக்க வெள்ளாற்றுக் கரையைத் தேர்ந்தெடுத்தது மிகச் சரியான முடிவு. தமிழ்நாட்டில் எடுக்கப்பட்ட கல்வி முடிவுகளில் இதற்கு உரிய இடம் இன்னும் கிடைக்கவில்லை என்பது என் கருத்து.

இனி நண்டு. கல் நண்டு என்றும் பச்சை நண்டு என்றும் சொல்கிற இந்தப் பெரிய நண்டு முழுக் கடல் நீரில் இருக்கும்போது அதன் ரத்தத்தின் உப்பும் வெளிநீரின் உப்பும் ஏறக்குறைய ஒன்று. ஆற்று வெள்ளம் வந்ததும் கணக்கு மாறுகிறது. உள்ளே உப்பு அதிகம், வெளியே குறைவு. தண்ணீர் உப்பு அதிகமுள்ள பக்கம் நோக்கிப் போகும். உப்பு, குறைவான பக்கம் நோக்கிக் கசியும். ஓடு இரண்டையும் தடுக்கிறது. செவுளால் முடியாது, மூச்சு வாங்க வேண்டுமானால் அங்கே தோல் மெல்லியதாகத்தான் இருந்தாக வேண்டும். உள்ளே புகுந்த நீரை உணர்கொம்பின் அடியில் இருக்கிற சுரப்பி சிறுநீராக வெளியேற்றுகிறது. ஆனால் அந்தச் சிறுநீரிலும் ரத்தத்தில் இருக்கும் அளவு உப்பு இருக்கிறது. ஆக, நீரை வெளியேற்றும் ஒவ்வொரு முறையும் உப்பும் போகிறது. போனதை வெளிநீரிலிருந்து மீட்க வேண்டும். உப்பே இல்லாததுபோல் இருக்கிற நீரிலிருந்து!

அதைச் செய்வது செவுள்தான். சமையலுக்கு நண்டு சுத்தம் செய்கிறவர்கள் மேல் ஓட்டைப் பிரித்ததும் இரு பக்கமும் சாம்பல் நிறத்தில் பஞ்சு விரல்களைப்போல வரிசையாகத் தெரியும். முதலில் பிய்த்து எறிவது அதைத்தான். அடுத்த முறை எறிவதற்கு முன் முன்வரிசையையும் பின்வரிசையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். தோற்றம் ஒன்றுபோல் இருக்கும், வேலை வேறு. முன் செவுள்கள் மூச்சுக்கு. அவற்றின் செல்கள் தட்டையானவை. பின் செவுள்கள் பெரும்பாலும் உப்புக்கு. அவற்றின் செல்கள் தடித்தவை, ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாக்கள் நிறைந்தவை. தண்ணீரில் உப்பு குறையும்போது இந்தப் பின் செவுள்களில் ஒரு நொதியின் வேலை கூடுகிறது. அந்த நொதிதான் நம் கதாநாயகன்.

அதைக் கண்டுபிடித்தவர் டென்மார்க்கின் ஆர்ஹூஸ் பல்கலைக்கழகத்தில் இருந்த யென்ஸ் கிறிஸ்டியன் ஸ்கோ. மருத்துவர். மரத்துப்போகச் செய்யும் மருந்துகள் நரம்பில் எப்படி வேலை செய்கின்றன என்று ஆராயப் புறப்பட்டவர், அந்தத் தேடலில் கடற்கரையில் சாதாரணமாகக் கிடைக்கிற நண்டின் கால் நரம்பை எடுத்தார். அரைத்த நரம்பில் ஏ.டி.பி. என்னும் ஆற்றல் மூலக்கூறை உடைக்கும் நொதி ஒன்று இருந்தது. சோடியம் மட்டும் சேர்த்தால் அது மந்தமாக இருந்தது. பொட்டாசியம் மட்டும் சேர்த்தாலும் அப்படியே. மெக்னீசியம் இருக்கும் கரைசலில் இரண்டையும் சேர்த்தபோதுதான் நொதி முழு வேகம் எடுத்தது. செல்லுக்கு உள்ளிருந்து சோடியத்தை வெளியே தள்ளி, வெளியிலிருந்து பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும் பம்பு இதுதான் என்பது மெல்ல மெல்ல உறுதியாயிற்று. கட்டுரை வெளியான ஆண்டு 1957. நோபல் பரிசு வந்தது 1997-இல். இடையில் 40 ஆண்டுகள்.

ஒரு ஏ.டி.பி.யை உடைத்தால் மூன்று சோடியம் வெளியே போகும், இரண்டு பொட்டாசியம் உள்ளே வரும். கணக்கு இவ்வளவுதான். மனித உடலிலும் இதே கணக்கு. அரளியின் நஞ்சு இதயத்தைக் கெடுப்பதும் இந்தப் பம்பைப் பிடித்து நிறுத்துவதால்தான். இதய நோயாளிகளுக்கு மிகச் சிறிய அளவில் கொடுக்கும் டிஜாக்சின் கை வைப்பதும் இதே இடத்தில்தான்.

பம்புக்குக் கூலியாகப் போகிற ஏ.டி.பி.யின் வரலாற்றில் சென்னைக்கும் பங்கு உண்டு. 1895-இல் பீமாவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, அமெரிக்கா போன எல்லாப்பிரகட சுப்பாராவ், ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்கேயுடன் சேர்ந்து தசையிலிருந்து இந்தப் பொருளைப் பிரித்தெடுத்தார். ஜெர்மனியில் கார்ல் லோமனும் அதே 1929-இல் தனியாக அதைக் கண்டார். சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தொடங்கியதும் 1929-இல்தான். பாஸ்பரஸை அளக்க ஃபிஸ்கேயும் சுப்பாராவும் 1925-இல் வகுத்த முறையைப் பல தலைமுறை ஆய்வகங்கள் பயன்படுத்தின. சுப்பாராவின் பெயரை நம் பிள்ளைகள் இதயம், நுரையீரல் படிக்கும் வயதிலேயே கேட்டிருக்க வேண்டும். கேட்டதில்லை.

இங்கே ஓர் ஐயம் எழலாம். வெளியே எவ்வளவு உப்போ அவ்வளவே உள்ளேயும் இருந்துவிட்டுப் போகட்டுமே, எதற்கு இந்த இடைவிடாத இறைப்பு? விடை இது. செல்லுக்குள் புரதங்களும் வேறு பெரிய மூலக்கூறுகளும் இருக்கின்றன. அவற்றால் வெளியே போக முடியாது. அவை இருப்பதாலேயே தண்ணீர் உள்ளே வரப்பார்க்கும். உப்பையும் தாராளமாக உள்ளே விட்டால் செல் வீங்கிக்கொண்டே போய் வெடிக்கும். தாவரச் செல்லுக்குக் கெட்டியான சுவர் இருக்கிறது, தாங்கிக்கொள்ளும். விலங்குச் செல்லுக்குச் சுவர் இல்லை, மெல்லிய சவ்வு மட்டுமே. ஆகவே சோடியத்தை ஓயாமல் வெளியேற்றிக்கொண்டிருப்பது விலங்காகப் பிறந்ததற்குக் கட்டும் வரி. ஓய்வாக இருக்கும் உடலின் ஆற்றலில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்குவரை இந்தப் பம்புகளுக்கே போகிறது. நரம்புச் செல்லில் இன்னும் அதிகம்.

இந்தச் செலவு வீண் இல்லை. வெளியே தள்ளப்பட்ட சோடியம் மறுபடி உள்ளே வரத் துடிக்கிறது. அது உள்ளே வர, சவ்வில் சில வாசல்கள் மட்டும் உண்டு. அவற்றில் பல, சோடியம் தனியாக வந்தால் திறக்காது, கையோடு ஒரு குளுக்கோஸையோ ஒரு அமினோ அமிலத்தையோ கூட்டிவந்தால்தான் திறக்கும். இதுவே நான் சொன்ன முதல் வேலை: வழி உண்டாக்குவது. பம்பு நேரடியாக ஒரு துளி சர்க்கரையும் கொண்டுவருவதில்லை. சர்க்கரை வருவதற்கான சரிவை ஏற்படுத்தி வைக்கிறது. குளுக்கோஸும் சோடியமும் சேர்ந்தே குடல் செல்லுக்குள் போகின்றன என்று ராபர்ட் கிரேன் 1960-இல் பிராகில் நடந்த கூட்டத்தில் எடுத்துச் சொன்னார். அது காகிதத்தோடு நிற்கவில்லை. 1971-இல் வங்கதேசப் போரின் அகதிகள் குவிந்த பன்காவ் முகாமில் காலரா பரவியபோது, டாக்டர் திலீப் மஹலநாபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை வாய்வழி கொடுக்கச் செய்து ஏராளமான உயிர்களைக் காத்தார். வெறும் உப்புத் தண்ணீர் காலரா நோயாளியின் குடலில் நிற்காது. சர்க்கரை கூட இருந்தால் உப்பு உள்ளே போகும், உப்பின் பின்னால் தண்ணீர் போகும். நம் வீடுகளில் வயிற்றுப்போக்குக்கு உப்புப் போட்ட கஞ்சி கொடுப்பதும் வேலை செய்வது இதே வாசல் வழியாகத்தான். கஞ்சியின் மாவு குடலில் குளுக்கோஸாக உடைகிறது.

எல்லாப் பொருளும் இந்த வாசலில் வருவதில்லை. ஆக்சிஜன் யாரையும் கேட்காமல் சவ்வுக்குள் கரைந்து வந்துவிடும். தண்ணீருக்கென்று தனிக் குழாய்ப் புரதம் இருப்பதை பீட்டர் ஏகர் 1992-இல் காட்டினார். உருவில் பெரிய பொருளானால் செல் தன் சவ்வையே குழித்து, அதைச் சுற்றி வளைத்து, ஒரு பையாகக் கிள்ளி உள்ளே எடுத்துக்கொள்கிறது. மெச்னிகோவ் 1882-இல் மெசினாவில் நட்சத்திர மீனின் கண்ணாடி போன்ற குஞ்சுக்குள் ஒரு முள்ளைச் செருகி, அலையும் செல்கள் வந்து முள்ளைச் சூழ்வதைப் பார்த்தார். நோய் எதிர்ப்பு பற்றிய நம் அறிவில் பாதி அந்த முள்ளிலிருந்து வந்தது.

மூன்றாவது வேலை காத்தல். பணத்தைப்போல இருப்பதை அப்படியே குவித்து வைக்க செல்லால் முடியாது. பல்லாயிரம் குளுக்கோஸ் மூலக்கூறுகளைத் தனித்தனியாக உள்ளே வைத்திருந்தால் அவை தண்ணீரை இழுத்துச் செல்லை வெடிக்க வைக்கும். தண்ணீர் கணக்குப் பார்ப்பது எண்ணிக்கையைத்தானே தவிர எடையை அல்ல. ஆகவே செல் அவற்றைக் கோத்து ஒரே பெரிய மூலக்கூறாக, கிளைகோஜனாக, ஆக்கிவிடுகிறது. பல்லாயிரம் ஒன்றாகிவிட்டது, தண்ணீருக்கு இப்போது ஒன்று மட்டுமே தெரியும். கிளைகோஜனை க்ளோத் பெர்னார் ஈரலிலிருந்து பிரித்தது 1857-இல். கொழுப்பு இன்னும் வசதி, அது தண்ணீரோடு சேர்வதே இல்லை. இரும்பை ஃபெரிட்டின் என்ற புரதக் கூட்டுக்குள் அடைக்கிறார்கள் உடலின் கணக்கர்கள். ஒரு கூட்டில் 4,500 அணுக்கள்வரை கொள்ளும். கால்சியத்தைச் செல்லின் திரவத்தில் சும்மா விட்டால் பாஸ்பேட்டுடன் சேர்ந்து கல்லாகிவிடும். அதைத் தனி அறைகளில் பூட்டி வைத்து, தசை சுருங்க வேண்டிய கணத்தில் மட்டும் திறந்துவிடுகிறது.

நண்டின் களஞ்சியத்தை ருசித்திருப்பீர்கள். ஓட்டைத் திறந்தால் உள்பக்கம் மஞ்சளும் பழுப்புமாக மென்மையாக ஒட்டியிருப்பது அதன் செரிமானச் சுரப்பி. ஈரலும் கணையமும் சேர்ந்த வேலையைப் பார்ப்பது. கொழுப்பும் கிளைகோஜனும் செம்பும் அங்கே சேர்கின்றன. நண்டு சட்டை உரிக்கும் நாட்களில் இந்தச் சேமிப்புதான் கை கொடுக்கிறது, அப்போது அது இரை எடுப்பதில்லை. பழைய ஓட்டிலிருந்து வெளியே வந்ததும் உடல் முழுக்கத் தண்ணீர் ஏற்றிக்கொண்டு பருக்கிறது, புது ஓடு அந்த அளவுக்கு இறுகட்டும் என்று. பிறகு தண்ணீர் இருந்த இடத்தைச் சதை பிடிக்கச் சில வாரங்கள் ஆகும். இடையில் பிடிபட்டால் வியாபாரி வயிற்றுப்பக்கத்து ஓட்டை விரலால் அழுத்திப் பார்ப்பார். அமுங்கினால் வாட்டர் நண்டு என்று ஒதுக்கிவிடுவார். அப்படி ஒதுக்கியதை வாங்கி, அடைப்பில் விட்டு, கழிவு மீன் போட்டுக் கொழுக்க வைத்து விற்பது ஒரு தொழில். அந்தத் தொழிலின் முதலீடு மேலே சொன்ன சுரப்பியின் செல்கள்தான்.

நான்காவது, வகுத்தல். நண்டின் ரத்தம் நம்முடையதைப்போலச் சிவப்பில்லை. ஆக்சிஜனைச் சுமப்பது ஹீமோசயனின் என்ற செம்புப் புரதம். இரண்டு செம்பு அணுக்கள் சேர்ந்து ஓர் ஆக்சிஜன் மூலக்கூறைப் பிடிக்கும். பிடித்தால் நீலம், விட்டால் நிறமில்லை. கால் முறிந்த உயிர் நண்டில் கசியும் திரவம் காற்றுப்பட்டு மெல்ல நீலம் பாரிப்பதைக் கவனித்தால் தெரியும். செல்லுக்கு வெளியே இப்படி ரத்தம் சுமந்துகொண்டு போகிறது. செல்லுக்கு உள்ளே?

இங்கேதான் தூரம் வில்லனாகிறது. சிறிய மூலக்கூறு ஒன்று தானாக விரவி 10 மைக்ரான் தூரம் போக ஏறத்தாழ 0.1 வினாடி போதும். தூரம் 10 மடங்கானால் நேரம் 100 மடங்காகும். நண்டின் காலுக்குள் ஓடும் நரம்பு இழை 10 சென்டிமீட்டர் என்று வையுங்கள். தூரம் 10,000 மடங்கு, நேரம் 10 கோடி மடங்கு. கணக்குப் போட்டால் மூன்று மாதத்துக்கு மேல் வருகிறது. எந்த நரம்பும் அவ்வளவு நாள் காத்திருக்காது. அதனால் செல் தனக்குள் நுண்குழல் பாதை போட்டு, கைனசின் என்ற புரதத்தின் முதுகில் பைகளை ஏற்றி அனுப்புகிறது. அது இரண்டு பாதங்களால் மாறி மாறி நடக்கிறது. ஓர் அடிக்கு 8 நானோமீட்டர், ஓர் அடிக்கு ஒரு ஏ.டி.பி. கூலி. நொடிக்கு ஏறத்தாழ ஒரு மைக்ரான் வேகத்தில் 10 சென்டிமீட்டரை ஒரு நாள் சொச்சத்தில் கடந்துவிடும். கைனசினை 1985-இல் கண்டது கணவாயின் பெரிய நரம்பில். நண்டு, நட்சத்திர மீன், கணவாய் என்று செல்லின் பெரிய ரகசியங்களில் இத்தனை கடலோரத்திலிருந்து வந்திருப்பது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. கடல் உயிர்களின் செல்கள் பெரிதாகவும் கைக்கு எளிதாகவும் இருக்கின்றன. பார்க்க வந்தவர்களும் பொறுமையோடு வந்தார்கள்.

வழங்கல் தவறினால் என்ன ஆகும் என்பதற்குப் பரங்கிப்பேட்டையே சாட்சி. 1830-இல் ஜோசையா மார்ஷல் ஹீத் இங்கே ஓர் இரும்பாலை வைத்தார். தாது சேலத்திலிருந்து வர வேண்டும். உருக்க மரக்கரி காடுகளிலிருந்து வர வேண்டும். உலை நன்றாகத்தான் இருந்தது, இரும்பும் நல்ல இரும்பு. கரிக்குக் காடு போதாமல் தவித்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிவதற்கு முன்பே ஆலை மூடப்பட்டது. செல்லிலும் உலை இருக்கிறது. அதன் வாசலுக்கு எரிபொருளும் ஆக்சிஜனும் வந்து சேரும்வரைதான் மற்றதெல்லாம்.

வராமல் போனால் நடப்பதை நண்டு வியாபாரிகள் யாரையும்விட நன்றாக அறிவார்கள். கொடுக்கைக் கட்டி, ஈரச் சாக்குப் போட்டு உயிரோடு வைத்திருப்பார்கள். செத்த நண்டுக்கு விலை இல்லை. மூச்சு நின்றால் ஏ.டி.பி. தீரும், தீர்ந்தால் பம்பு நிற்கும், சோடியம் உள்ளேயும் பொட்டாசியம் வெளியேயும் பாயும், தண்ணீர் ஏறிச் செல் வீங்கும். கிறிஸ்டியன் டி டூவ் 1955-இல் லைசோசோம் என்று பெயரிட்ட பைகளும், அந்த மஞ்சள் சுரப்பியில் சேர்ந்திருந்த செரிமான நொதிகளும் பிரிந்து, காத்து வைத்திருந்த சதையையே கரைக்கத் தொடங்கும். சில மணி நேரத்தில் கையில் எடுத்தால் கூழாக இருக்கும். நான்கு வேலைகளில் முதலாவது நின்றது, மற்ற மூன்றும் அதோடு நின்றன.

கடலூர், சிதம்பரம் பக்கத்து உயிரியல் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். செல் பாடத்தை வண்ணப் படத்தோடு முடித்துவிடாதீர்கள். பரங்கிப்பேட்டை உங்களுக்குத் தூரமில்லை; உயராய்வு மையத்தில் அருங்காட்சியகமும் இருக்கிறது. சித்திரையில் ஒரு முறையும் கார்த்திகை வெள்ளத்தில் ஒரு முறையும் முகத்துவாரத்தில் ஒரு லிட்டர் தண்ணீர் எடுத்துவரச் சொல்லி, வகுப்பிலேயே காய்ச்சி, அடியில் நிற்கும் உப்பைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். பிறகு அந்த ஆற்று நண்டு ஒன்றைத் திறந்து பின் செவுளைக் காட்டி, இரண்டு எடைகளுக்கும் இடையிலுள்ள வித்தியாசத்தைத் தாங்கி நின்றது இதுதான் என்று சொல்லுங்கள். பம்பின் படத்தைக் கரும்பலகையில் வரைவது அதற்கு அப்புறம் இருக்கட்டும்.